வெடிமருந்துக்கு ஊர் வைத்த பூட்டு: பழைய அமெரிக்காவின் துப்பாக்கிச் சட்டங்கள்

அமெரிக்கா என்றதும் இடுப்பில் இரண்டு பக்கமும் துப்பாக்கியைச் சொருகிக்கொண்டு குதிரையில் வரும் கவ்பாய்தான் பலருக்கும் ஞாபகத்துக்கு வருவார். கூடவே, "அந்தக் காலத்தில் அங்கே யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம், கேட்க நாதி கிடையாது" என்ற நினைப்பும் வரும். ஆனால் பழைய சட்டப் புத்தகங்களைப் புரட்டினால் கதை வேறு மாதிரி இருக்கிறது.

1783-ம் ஆண்டு மார்ச் 1-ம் தேதி. பிரிட்டனோடு நடந்த விடுதலைப் போர் அநேகமாக முடிந்துவிட்டது. ஆனால் பாரிஸில் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தாக இன்னும் ஆறு மாதம் இருந்தது. அந்த நேரத்தில் மாசசூசெட்ஸ் மாநிலம் பாஸ்டன் நகரத்துக்கென்று ஒரு சட்டம் போட்டது. வீடு, தொழுவம், களஞ்சியம், கிடங்கு, கடை என்று எந்தக் கட்டடத்துக்குள்ளும் மருந்து கிட்டித்த துப்பாக்கியையோ பீரங்கியையோ கொண்டுபோகக் கூடாது. மீறினால் 10 பவுண்டு அபராதம், ஆயுதமும் பறிமுதல். எட்டு வருடம் துப்பாக்கி தூக்கிச் சண்டை போட்டு ஜெயித்த ஊர் இது! லெக்சிங்டனில் முதல் குண்டு வெடித்த இடம் இங்கிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்ல முடியாவிட்டாலும், ஒரு ராத்திரியில் நடந்து போய்விடக்கூடிய தூரம்தான். அப்படிப்பட்ட ஊர் ஏன் இப்படி ஒரு சட்டம் போட்டது?

காரணத்தைச் சட்டத்தின் முன்னுரையே சொல்லிவிடுகிறது. தீப்பிடித்தால் அணைக்க ஓடிவருபவர்களின் உயிருக்கு, வீட்டுக்குள் இருக்கும் மருந்து கிட்டித்த துப்பாக்கிகள் ஆபத்து. அவ்வளவுதான்.

இதைப் புரிந்துகொள்ள அந்தக் காலத்து பாஸ்டனைக் கொஞ்சம் கற்பனை செய்து பார்க்க வேண்டும். ஒரு சின்ன தீபகற்பத்துக்குள் நெருக்கியடித்துக் கட்டிய ஊர். வீடுகளில் பாதிக்கு மேல் மரம். சமையலும் குளிர்காய்வதும் விறகு அடுப்பில். வெளிச்சத்துக்கு மெழுகுவர்த்தி. தீயணைக்க வாளியும் கைப்பம்பும்தான். 1760 மார்ச் 20-ம் தேதி பிடித்த பெருந்தீயில் மட்டும் வீடும் கடையும் கிடங்குமாகச் சேர்த்து 349 கட்டடங்கள் எரிந்துபோயின, ஆயிரம் பேருக்கு மேல் வீடிழந்து தெருவில் நின்றார்கள். போதாக்குறைக்கு அன்றைக்குத் தெற்கு பீரங்கி மேடையில் இருந்த வெடிமருந்தும் வெடித்தது. அதற்கும் முன்னால் 1711-ல் ஒரு பெரிய தீ. அதற்குப் பிறகுதான் 'ஃபயர்வார்டு' என்ற தீக்காவலர்களை நியமித்தார்கள். அடையாளத்துக்கு ஐந்தடி நீளச் சிவப்புக் கம்பு, அதன் நுனியில் பளபளக்கும் பித்தளைக் கூர். 1783 சட்டப்படி துப்பாக்கியைப் பறிமுதல் செய்யும் அதிகாரமும் இந்தத் தீக்காவலர்களுக்குத்தான் போனது.

வெடிமருந்து சாதாரண எரிபொருள் மாதிரி இல்லை. வெடியுப்பு, கரி, கந்தகம் மூன்றையும் கலந்ததுதான் அது. (பிரிட்டனுக்கு அந்த வெடியுப்பில் பெரும்பகுதி பீகார், வங்காளப் பக்கமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பலில்தான் போய்க்கொண்டிருந்தது.) விறகு எரியக் காற்று வேண்டும், மூடி வைத்தால் அணைந்துவிடும். வெடிமருந்துக்கு வெளிக்காற்று தேவையில்லை, வேண்டிய ஆக்சிஜனை வெடியுப்பே கொடுத்துவிடும். மூடி வைத்தால் இன்னும் மோசம். பக்கத்து வீட்டில் ஒரு பீப்பாய் இருந்தால் தெருவே போய்விடும். ஆகவே, "என் வீட்டில் என் சரக்கை நான் வைத்திருக்கிறேன், உனக்கென்ன?" என்ற பேச்சு இந்த ஒரு சரக்கு விஷயத்தில் எடுபடவில்லை.

அதனால் ஊருக்கு வெளியே அல்லது ஒதுக்குப்புறமாக 'பவுடர் ஹவுஸ்' என்ற வெடிமருந்துக் கிடங்கு கட்டுவது வழக்கமானது. பாஸ்டனில் அப்படி ஒன்றைக் கட்ட 1706-லேயே சட்டம் வந்தது. பிலடெல்பியாவுக்கு 1725-ல் தனிச் சட்டம். நியூயார்க் 1784-ல் போட்ட சட்டம்தான் இதில் ரொம்பத் துல்லியமானது. (இங்கே ஒரு குறிப்பு: எடைக்கும் பவுண்டு, பணத்துக்கும் பவுண்டு என்று எழுதினால் குழப்பம் வரும். எடைக்கு நம் தாத்தா காலத்து 'ராத்தல்' என்றே வைத்துக்கொள்வோம்.) நகரத்தின் குறிப்பிட்ட பகுதிக்குள் யாரும் 28 ராத்தலுக்கு மேல் வெடிமருந்து வைத்திருக்கக் கூடாது. அந்த 28 ராத்தலும் ஒரே பாத்திரத்தில் இருக்கக் கூடாது. நான்கு கல்ஜாடிகளிலோ தகர டப்பாக்களிலோ, ஒன்றில் 7 ராத்தலுக்கு மிகாமல் பிரித்து வைக்க வேண்டும். துறைமுகத்துக்கு வரும் கப்பல், கரை மேடையை ஒட்டுவதற்கு முன்பே மருந்தை இறக்கிக் கிடங்கில் சேர்த்துவிட வேண்டும். வண்டியில் ஏற்றிப் போகும்போது பீப்பாயைத் தோல் உறையிலோ பையிலோ முழுக்க மூடித்தான் கொண்டுபோக வேண்டும், ஒரு சிட்டிகை கூடத் தெருவில் சிந்தக் கூடாது என்று. சந்தேகம் என்று யாராவது சத்தியம் செய்து சொன்னால் வீட்டைச் சோதனை போட வாரண்ட்.

பென்சில்வேனியாவின் சில சிற்றூர்களில் வேறு ஒரு ஏற்பாடு. வீட்டில் வைக்கும் மருந்தை உச்சி மாடியில்தான் வைக்க வேண்டும். கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் அடுப்பும் கணப்பும் கீழே இருக்கின்றன, வெடித்தாலும் மேலே கூரையைத்தான் பிய்த்துக்கொண்டு போகும் என்று யோசித்தால் அதில் உள்ள புத்திசாலித்தனம் தெரியும்.

28 ராத்தல் என்பது கிட்டத்தட்ட 12.7 கிலோ. இது சாதாரணக் குடிமகனை ஒடுக்கும் அளவா, இல்லையா? இதற்குப் பதில் இன்னொரு சட்டத்தில் இருக்கிறது. 1792 மே மாதம் மத்திய அரசு கொண்டுவந்த மிலிஷியா சட்டம். 18 முதல் 45 வயது வரை உள்ள, உடல் வலுவுள்ள, அடிமையல்லாத ஒவ்வொரு வெள்ளைக்கார ஆண் குடிமகனும் சொந்தச் செலவில் ஒரு மஸ்கட் துப்பாக்கி, துப்பாக்கி முனை ஈட்டி, இரண்டு உபரிச் சக்கிமுக்கிக் கல், குறைந்தது 24 தோட்டா வைத்திருக்க வேண்டும் என்று அது உத்தரவு போட்டது. ரைஃபிள் வைத்திருப்பவர் 20 குண்டும் கால் ராத்தல் மருந்தும் வைத்திருந்தால் போதும். இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். கால் ராத்தல்தான் ஒரு வீரனின் கடமை என்றால், 28 ராத்தலில் 112 பேருக்குக் கொடுக்கலாம். ஆக, இந்த வரம்பு யாரைக் கடித்தது? குடும்பஸ்தனை அல்ல, வியாபாரியை. பீப்பாய் பீப்பாயாக இறக்கி, விலை ஏறட்டும் என்று கிடங்கில் போட்டு வைக்கும் மொத்த வியாபாரிக்குத்தான் இது செலவு. கிடங்கு வாடகை, வண்டிக்கூலி, தோல் உறை, காத்திருக்கும் கப்பலுக்கு ஆகும் நஷ்டம் எல்லாம் அவர் கணக்கில். பி.காம் படிப்பவர்களுக்கு இது உடனே புரியும். :-)

1783-ன் பாஸ்டன் சட்டம் இந்தக் கணக்குக்குள் அடங்காது. அது அளவைப் பற்றிப் பேசவில்லை. வீட்டுக்குள் கிட்டித்த துப்பாக்கியே கூடாது என்றது. அது வீட்டுக்காரரையும் தொட்டது. பின்னால் வரப்போகும் சண்டைக்கு இந்த வித்தியாசம்தான் மூலம்.

சேமிப்பு தவிர, சுடுவதற்கும் கட்டுப்பாடு இருந்தது. பிலடெல்பியாவில் 1721-லேயே அனுமதியில்லாமல் ஊருக்குள் சுட்டால் 5 ஷில்லிங் அபராதம். பாஸ்டனில் 1746-ல் குண்டு போட்டுச் சுடுபவருக்கு 40 ஷில்லிங். கண்டபடி சுட்டுச் சுட்டு ஊரில் பலருக்குக் கையும் காலும் உயிரும் போனது என்று அந்தச் சட்டமே புலம்புகிறது. நியூயார்க் 1773-ல் போட்டது இன்னும் சுவாரசியம். டிசம்பர் கடைசி நாள், ஜனவரி 1, 2 ஆகிய மூன்று நாட்களில் குடித்துவிட்டுத் துப்பாக்கியோடு வீடு வீடாகப் போய் புத்தாண்டு வாழ்த்துச் சொல்லும் பழக்கத்தை நிறுத்துவதற்காக வந்தது அது. நள்ளிரவில் பைக்கில் கத்திக்கொண்டு போகிறவர்களை நினைத்து அலுத்துக்கொள்பவர்கள் கொஞ்சம் ஆறுதல் அடையலாம்.

இதுவரை சொன்னது எல்லாம் தீ, விபத்து, பொதுப் பாதுகாப்பு. ஊர் மருந்தையெல்லாம் ஒரே இடத்தில் கொண்டுபோய் வைத்துப் பூட்டினால் தீ பயம் குறையும், சரி. ஆனால் சாவி யாரிடம் இருக்கும்?

இந்தக் கேள்விதான் 1774-ல் வெடித்தது. பாஸ்டனுக்குப் பக்கத்தில், இப்போது சோமர்வில் என்று அழைக்கப்படும் ஊரில், 1700-களின் தொடக்கத்தில் காற்றாலையாகக் கட்டப்பட்ட ஒரு கல் கோபுரம் இருக்கிறது. 1747-ல் அதை வாங்கி வெடிமருந்துக் கிடங்காக மாற்றியிருந்தார்கள். சுற்றுவட்டார ஊர்களின் மருந்தும் அங்கே, மாகாணத்துக்குச் சொந்தமான அரசாங்க மருந்தும் அங்கே. 1774 கோடையில் ஒவ்வொரு ஊரும் சத்தமில்லாமல் தன் பங்கை எடுத்துக்கொண்டு போய்விட்டது. மிச்சமிருப்பது அரசாங்க மருந்து மட்டும்தான் என்று வில்லியம் பிராட்டில் என்பவர் ஆளுநர் ஜெனரல் கேஜுக்குக் கடிதம் எழுதினார். செப்டம்பர் 1-ம் தேதி விடிகாலையில் கேஜ் அனுப்பிய சுமார் 260 சிப்பாய்கள் மிஸ்டிக் ஆற்றின் வழியாகப் படகில் போய், 250 அரைப் பீப்பாய் மருந்தை அள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள். ஒரு குண்டு கூடச் சுடவில்லை. சட்டப்படி பார்த்தாலும் ஆளுநர் அரசாங்கச் சொத்தைத்தான் எடுத்தார். ஆனால் 'பாஸ்டன் மேல் பீரங்கி அடிக்கிறார்கள், ஆட்கள் செத்துவிட்டார்கள்' என்று வதந்தி பரவி, மறுநாள் கேம்பிரிட்ஜ் மைதானத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் திரண்டுவிட்டார்கள். பிராட்டில் பாஸ்டனுக்குள் ஓடி ஒளிந்துகொண்டார்.

அதற்கப்புறம் எல்லாமே மருந்தைச் சுற்றித்தான். அக்டோபரில் மன்னர் அமெரிக்காவுக்கு ஆயுதமும் மருந்தும் ஏற்றுமதி செய்யத் தடை போட்டார். டிசம்பரில் நியூ ஹாம்ப்ஷயரில் வில்லியம் அண்ட் மேரி கோட்டைக்குள் சுமார் 400 பேர் புகுந்து நூறு பீப்பாய் அளவுக்கு மருந்தை எடுத்துக்கொண்டு போனார்கள். 1775 ஏப்ரல் 19-ல் கான்கார்டுக்குப் படை கிளம்பியதும் அங்கே பதுக்கிய ஆயுதங்களை அழிக்கத்தான். அடுத்த இரண்டே நாளில் வர்ஜீனியாவின் வில்லியம்ஸ்பர்க் கிடங்கிலிருந்து 15 அரைப் பீப்பாய் மருந்தை ஆளுநர் டன்மோர் இரவோடு இரவாக எடுத்துவிட்டார். பேட்ரிக் ஹென்றி ஆட்களோடு கிளம்பி, மருந்துக்கு விலையாக 330 பவுண்டு வாங்கிக்கொண்டுதான் திரும்பினார். அதே ஏப்ரல் கடைசியில், ஊரைவிட்டு வெளியேற அனுமதி தருவதாகச் சொல்லி பாஸ்டன்வாசிகளிடம் கேஜ் ஆயுதங்களை ஒப்படைக்க வைத்தார். 1,778 துப்பாக்கி, 634 கைத்துப்பாக்கி, 973 துப்பாக்கி முனை ஈட்டி. கொடுத்த வாக்கை அவர் முழுதாகக் காப்பாற்றவில்லை.

இவ்வளவு பட்ட பிறகு, "அரசாங்கம் நம் மருந்தைத் தொடவே கூடாது" என்று அந்த மக்கள் முடிவு செய்திருந்தால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். நடந்தது அதுவல்ல. 1783-ல் பாஸ்டன், 1784-ல் நியூயார்க் என்று ஊர்ச் சட்டங்கள் முன்னைவிடக் கறாராகவே வந்தன. கேஜ் மேல் அவர்களுக்கு இருந்த கோபம் கிடங்கின் மேல் இல்லை. சாவி தங்களால் தேர்ந்தெடுக்கப்படாத ஒருவர் கையில் இருந்ததில்தான். தாங்களே ஓட்டுப் போட்டு அமைத்த சபை அதே பூட்டைப் போட்டபோது ஏற்றுக்கொண்டார்கள்.

1827-ல் இது உச்ச நீதிமன்றத்திலும் எதிரொலித்தது. இறக்குமதி வியாபாரிகள் 50 டாலர் கட்டி லைசென்ஸ் வாங்க வேண்டும் என்ற மேரிலாந்து சட்டத்தை எதிர்த்த வழக்கு அது. சரக்கு உரிமத்தைப் பற்றிய வழக்குதான், துப்பாக்கிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் தீர்ப்பெழுதிய தலைமை நீதிபதி ஜான் மார்ஷல், லைசென்ஸ் செல்லாது என்று சொல்லும்போதே, வெடிமருந்தை ஊரைவிட்டு அப்புறப்படுத்தச் சொல்லும் அதிகாரம் மட்டும் சந்தேகமில்லாமல் மாநிலங்களுக்கு உண்டு என்று எழுதினார். அவருக்கு அது உதாரணமாகச் சொல்லக்கூடிய அளவுக்கு வெளிப்படையான விஷயம்.

தரக் கட்டுப்பாடும் இருந்தது. போர் நடந்துகொண்டிருந்த 1776 ஆகஸ்டில், பரிசோதனை செய்யாத மருந்தைப் பொதுக் கிடங்கில் சேர்க்கக் கூடாது, தேறிய பீப்பாய் மேல் 'யு.எஸ்.ஏ.' என்று முத்திரை போட வேண்டும் என்று காங்கிரஸ் தீர்மானித்தது. நாட்டின் பெயர்ச் சுருக்கம் முதன்முதலாகப் போன இடங்களில் ஒன்று வெடிமருந்துப் பீப்பாய்! மாசசூசெட்ஸ் 1805-ல் துப்பாக்கிக் குழாய்களைச் சுட்டுப் பார்த்துச் சோதித்து முத்திரை போட ஆட்களை நியமித்தது. நம்மூர் எடைக்கல் முத்திரை மாதிரிதான்.

ஆனால் இந்தக் காலத்துச் சட்டங்களைப் பற்றி எழுதிவிட்டு தீயும் தரமும் மட்டும் சொன்னால் அது பாதி உண்மை. யார் வைத்திருக்கலாம் என்பதிலும் சட்டம் கை வைத்தது, அது அத்தனை அழகான கதை இல்லை.

1637-ல் மதக் கருத்து வேறுபாட்டால் ஆன் ஹட்சின்சன் என்ற பெண்மணி மாசசூசெட்ஸ் காலனியில் விசாரிக்கப்பட்டபோது, அவர் பக்கம் நின்ற 75 ஆண்கள் துப்பாக்கி, மருந்து, குண்டு எல்லாவற்றையும் ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவானது. அதில் 58 பேர் பாஸ்டன்காரர்கள். அவர்கள் யாரையும் சுடவில்லை, வேறு மாதிரி பிரசங்கம் கேட்டார்கள், அவ்வளவே. ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டிய இடம் ராபர்ட் கீன் என்ற வியாபாரியின் வீடு. (இரண்டு வருடம் கழித்து அதே கீன், ஆணி முதலான சரக்குகளை அநியாய லாபத்துக்கு விற்றார் என்று அபராதம் கட்டினார். வணிக வரலாற்றுப் புத்தகங்களில் அவர் பிரபலமானது இந்த வழக்கால்தான்.) 1776 மார்ச்சில் விடுதலைக்கு எதிரானவர்கள் என்று தெரிந்தவர்களின் ஆயுதங்களைப் பறிக்கும்படி காங்கிரஸ் காலனிகளுக்குப் பரிந்துரைத்தது. பூர்வகுடிகளுக்கு மருந்து விற்பதற்குப் பல காலனிகளில் தடை இருந்தது. வர்ஜீனியாவில் 1680-லேயே கறுப்பின மக்கள் ஆயுதம் ஏந்தத் தடை. 1806-ல் அடிமைத்தளையிலிருந்து விடுபட்டுச் சுதந்திரமாக வாழ்ந்த கறுப்பினத்தவர் கூட நீதிமன்ற லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கியோ மருந்தோ ஈயமோ வைத்திருக்க முடியாது என்று சட்டம். மிலிஷியா சட்டத்தில் 'வெள்ளைக்கார' என்ற சொல் இருந்ததை மேலே பார்த்தோம். கடமையும் அவர்களுக்கே, உரிமையும் அவர்களுக்கே.

* * *

இருநூறு வருடத்துப் பழைய கதை, இப்போது எதற்கு என்று கேட்கலாம். அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதைத் திரும்பவும் உயிரோடு எழுப்பிவிட்டது என்பதுதான் பதில்.

வாஷிங்டன் நகரம் 1976-ல் கைத்துப்பாக்கிகளைத் தடை செய்திருந்தது. வீட்டில் இருக்கும் மற்ற துப்பாக்கிகளையும் கழற்றியோ பூட்டியோ வைக்க வேண்டும். அந்த வழக்கில் 2008 ஜூன் 26-ல் தீர்ப்பு வந்தது, 5-க்கு 4 என்று. எதிர்த்தீர்ப்பு எழுதிய நீதிபதி பிரேயர், நாம் ஆரம்பத்தில் பார்த்த அதே 1783 பாஸ்டன் சட்டத்தை எடுத்து வைத்தார். கிட்டித்த துப்பாக்கியை வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது என்று அரசியல் சட்டம் எழுதிய தலைமுறையே சொல்லியிருக்கிறதே என்பது அவர் வாதம். பெரும்பான்மைத் தீர்ப்பு எழுதிய நீதிபதி ஸ்காலியா அதை மறுத்தார். அது தீயணைப்பவர்களைக் காப்பாற்ற வந்த சட்டம், குற்றத்தைத் தடுக்க வந்ததல்ல. சின்ன அபராதமும் பறிமுதலும்தான் தண்டனை. தற்காப்புக்காகத் துப்பாக்கியைப் பயன்படுத்தியவர் மேல் அதை ஏவியிருக்க மாட்டார்கள் என்றார்.

இரண்டு பக்கமும் ஒரே தாளைத்தான் படித்தார்கள். நோக்கம் பற்றி ஸ்காலியா சொன்னது சரிதான், முன்னுரையே சாட்சி. ஆனால் விளைவு பற்றி பிரேயர் சொன்னதையும் தள்ள முடியவில்லை. நோக்கம் தீயாக இருந்தாலும், ராத்திரி திருடன் வந்தால் பாஸ்டன்வாசி முதலில் மருந்து போட்டுக் கிட்டித்தாக வேண்டும். அந்தச் சங்கடம் தெரிந்தேதான் ஊர் அந்தச் சட்டத்தைப் போட்டது.

2022-ல் நியூயார்க் மாநிலத்தின் ஆயுத உரிமச் சட்டம் பற்றிய வழக்கில், நீதிபதி தாமஸ் எழுதிய 6-க்கு 3 தீர்ப்பு இன்னும் ஒரு படி மேலே போனது. இன்றைய எந்தத் துப்பாக்கிச் சட்டமும் நாட்டின் வரலாற்றுப் பாரம்பரியத்தோடு பொருந்துகிறதா என்று அரசாங்கம்தான் நிரூபிக்க வேண்டும் என்றது. அதன் பிறகு வக்கீல்கள் பழைய ஊர்ச் சட்டங்களைத் தேடித் தேடி எடுக்க ஆரம்பித்தார்கள். டியூக் பல்கலைக்கழகம் இதற்கென்றே ஒரு பழைய சட்டத் தொகுப்பை வைத்திருக்கிறது.

இதில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. அன்றைக்குச் சட்டம் இல்லை என்பதால் அன்றைக்கு அது உரிமையாகக் கருதப்பட்டது என்று ஆகிவிடாது. மஸ்கட் துப்பாக்கி ஒரு தடவைக்கு ஒரு குண்டுதான் சுடும். மருந்து ஈரம் இழுக்கும், குழாயை அரிக்கும். நாள் கணக்கில் கிட்டித்து வைக்க முடியாது. கோபத்தில் சட்டென்று எடுத்துச் சுட ஏற்ற சாமான் அல்ல. இல்லாத பிரச்சினைக்கு யாரும் சட்டம் எழுத மாட்டார்கள். மறுபக்கம், இருக்கிற முன்னுதாரணங்களில் சில, கறுப்பினத்தவரிடமும் பூர்வகுடிகளிடமும் ஆயுதம் பறித்த சட்டங்கள். அவற்றை இன்றைய கட்டுப்பாட்டுக்கு ஆதாரமாகக் காட்ட அரசாங்க வக்கீல்களே கூச்சப்படுகிறார்கள்.

2024 ஜூனில் அடுத்த தீர்ப்பு. குடும்ப வன்முறைக்காக நீதிமன்றத் தடையுத்தரவு பெற்ற ஒருவர் துப்பாக்கி வைத்திருக்கலாமா என்பது வழக்கு. பழைய காலத்தில் இப்படி ஒரு சட்டம் அச்சாக இல்லை என்று சொல்லி, கீழே இருந்த மேல்முறையீட்டு நீதிமன்றம் தடையையே ரத்து செய்திருந்தது. உச்ச நீதிமன்றம் அதை 8-க்கு 1 என்று புரட்டிப் போட்டது. அதே அச்சில் பழைய சட்டம் ஒன்று வேண்டியதில்லை, அவற்றின் பின்னால் இருக்கும் கொள்கை பொருந்தினால் போதும் என்று தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் எழுதினார். மாறுபட்ட அந்த ஒருவர், 2022 தீர்ப்பை எழுதிய அதே நீதிபதி தாமஸ்.